ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்து வைக்காதீர்கள்

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். மகனுக்கு இருபது மாதம். நான் அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் மாமியார். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர். போன் காட்டினால்தான் சின்னவனுக்குச் சாப்பாடு இறங்குகிறது. அத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அதனால் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. புத்தகக் காட்சியில் மூவாயிரம் ரூபாய்க்குப் புத்தகங்கள் வாங்கினேன். பாதியைச் சின்னவன் கிழித்துவிட்டான். பெரியவள் தினமும் அதே யானைக் கதையைத்தான் கேட்கிறாள். அதையும் படிக்க விடாமல் குறுக்கே குறுக்கே கேள்வி. உண்மையைச் சொன்னால், அவர்களோடு உட்கார்ந்து விளையாட எனக்குப் பொறுமை இல்லை. பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது. அதற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை மாலுக்கு அழைத்துப் போகிறோம். ஆயிரத்துக்கு மேல் செலவு, திரும்பும்போது இரண்டும் அழுகை. மகன் இதுவரை ஏழெட்டு வார்த்தைதான் பேசுகிறான். நான் எங்கே தவறு செய்கிறேன்? எந்தப் புத்தகம் வாங்குவது, எங்கே அழைத்துப் போவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

'அதற்கு ஈடாக' என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். வாரம் முழுக்கக் கொடுக்க முடியாததை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கொடுத்து நேர் செய்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். நாலரை வயதுக் குழந்தைக்கு வாரம் என்றால் என்னவென்றே இன்னும் சரியாகப் பிடிபட்டிருக்காது. போன மாதம் போய்வந்த கல்யாணத்தையும் 'நேத்து' என்றுதான் சொல்வாள். திங்கள் முதல் சனி வரை பாக்கி நின்றது, ஞாயிறு அன்று தீர்ந்தது என்ற கணக்கு அவளிடம் கிடையாது. இன்று ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாளா, இல்லையா என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமையின் பளுவைக் கொஞ்சம் இறக்கி, அதில் ஒரு சிறு பங்கை மற்ற ஆறு நாளைக்கும் பிரித்துக் கொடுக்கப் பார்ப்போம்.

அதற்கு முன் சின்னவனின் பேச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடக் கூடாத விஷயம் அது ஒன்றுதான்.

இருபது மாதத்தில் ஏழெட்டு வார்த்தை என்பது கொஞ்சம் குறைவு. ஆனால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். சிலவற்றைக் கவனியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்தால், கையை நீட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? 'செருப்பை எடுத்துட்டு வா' என்றால் எடுத்து வருகிறானா? இவை எல்லாம் இருந்தால் இரண்டு வயது வரை பொறுத்துப் பார்க்கலாம். 'மம்மு', 'ஙா', 'டாட்டா' எல்லாமே வார்த்தைதான், எண்ணும்போது விட்டுவிடாதீர்கள். இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது வார்த்தையும், 'பால் வேணும்', 'அப்பா காணோம்' போல இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவதும் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றாலோ, நான் கேட்டவற்றில் ஏதாவது ஒன்றுக்கு இப்போதே 'இல்லை' என்று தோன்றினாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும் காட்டலாம். 'ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்' என்று நாலு பேர் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பி ஒரு வருடத்தைத் தவறவிட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும்.

இப்போது போன். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஊரில் இருக்கும் சொந்தக்காரரோடு வீடியோவில் பேசுவது மட்டும் விதிவிலக்கு, இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வழிகாட்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே ஏறக்குறைய இதையே சொன்னது. காரணம் எளிமையானது. குழந்தை 'தா' என்று சொன்னால் பதிலுக்கு ஒரு முகம் மலர வேண்டும், ஒரு குரல் 'இந்தா' என்று சொல்ல வேண்டும். அந்தப் போக்குவரத்தில்தான் பேச்சு வளர்கிறது. போன் அவன் சொல்வதற்குக் காத்திருக்காது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் தயவுசெய்து இதை அத்தையிடம் போய், 'டாக்டருங்க போன் கூடாதுன்னு சொல்றாங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் ஏன் போனைக் கொடுக்கிறார் என்று பாருங்கள். முழங்கால் வலியோடு, கையில் சாதக் கிண்ணத்தோடு, இருபது மாதப் பிள்ளையின் பின்னால் வீடு முழுக்க ஓட முடியுமா? போன் அவனை ஓர் இடத்தில் உட்கார வைக்கிறது. அவருக்கு வேண்டியது அவன் ஓர் இடத்தில் உட்காருவது. அதற்கு வேறு வழி காட்டினால் போதும். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அவனுக்கென்று ஒரு தட்டு வைத்து, இட்லியைப் பிய்த்துப் போட்டு அவன் கையாலேயே சாப்பிட விடுங்கள். பாதி தரைக்குத்தான் போகும், போகட்டும். ஒரு வேளைச் சாப்பாட்டில் மட்டும் தொடங்குங்கள், நீங்கள் வீட்டில் இருக்கும் காலை வேளையாக இருந்தால் நல்லது. நாலைந்து நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். வயதுக்கேற்ற எடையோடு ஓடியாடுகிற பிள்ளை என்றால் அந்த நாலைந்து நாளில் இளைத்துவிட மாட்டான். ஒரு வேளை பழகியபின் அடுத்த வேளை.

அடுத்து, 'அத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்' என்று எழுதிய வரி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

என் அறையில் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு கூடையில் படப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். ஒருநாள் ஒரு பாட்டி, இரண்டரை வயதுப் பேரனை அழைத்து வந்திருந்தார். பையன் நாற்காலிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வருவதும், மறுபடி புகுவதுமாக இருந்தான். பாட்டி கூடையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார், அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பிறகு பூனைப் படத்தைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார். புத்தகத்தில் அது ஏதோ ஊருக்குப் பயணம் போகிற பூனை. பாட்டியோ, 'இது நம்ம வீட்டுக்கு வந்துச்சே, அரிசி மூட்டைக்குப் பின்னாடி குட்டி போட்டுச்சே, அந்தப் பூனைதான்' என்று தொடங்கினார். எத்தனை குட்டி, எது வெள்ளை, எது கறுப்பு, எந்தக் குட்டி பால் குண்டானைத் தட்டிவிட்டது என்று வரிசையாக வந்தது. பையன் நாற்காலிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, பாட்டியின் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, 'கறுப்பு எங்க?' என்றான். பாட்டி பக்கத்தைப் புரட்டி, அங்கே இல்லாத கறுப்புக் குட்டியைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்தார். அடுத்த பக்கத்தில் அதைத் தேடினார்கள். அச்சில் இருந்த ஒரு வரிகூட வாசிக்கப்படவில்லை. அந்தப் பிள்ளைக்கு அன்று கிடைத்ததைவிடப் பெரிய வாசிப்பு எனக்குத் தெரியாது.

எழுத்தே இல்லாத, படம் மட்டும் இருக்கும் புத்தகங்கள் கடையில் கிடைக்கின்றன. அப்படி ஒன்றிரண்டை வாங்கி அத்தையிடம் கொடுத்து, 'நீங்க சொன்னா நல்லா கேட்டுக்கறா அத்தை, எனக்கு அப்படிச் சொல்ல வரல' என்று சொல்லுங்கள். உண்மையைத்தான் சொல்கிறீர்கள். பகல் முழுக்க அவர்தானே அவர்களோடு இருக்கிறார். வியாசர்பாடியில் வளர்ந்தவரிடம் எத்தனை கதை இருக்கும்.

சரி, இப்போது யானைக் கதை. ஒரே கதையை அவள் நாற்பதாவது தடவை கேட்டால் உங்களுக்கு அலுப்பு வரும், நியாயம்தான். அவளுக்கு அது அலுப்பு இல்லை. முதல் தடவை கேட்கும்போது யானை என்ன ஆனது என்று தெரிந்துகொள்கிறாள். பத்தாவது தடவை, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும் சந்தோஷம். இருபதாவது தடவையில் அந்த மூலையில் இருக்கும் அணிலைப் பார்க்கிறாள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளைகள், வேறு வேறு கதைகளில் அதே புதிய சொற்களைக் கேட்ட பிள்ளைகளைவிட அந்தச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். ஆக, மூவாயிரம் ரூபாய்ப் புத்தகத்தில் ஒரு புத்தகம்தான் பயன்படுகிறது என்று வருந்தாதீர்கள். அந்த ஒரு புத்தகம் வேலை செய்துகொண்டிருக்கிறது.

குறுக்கே கேள்வி கேட்கிறாள் என்கிறீர்கள். கேட்கட்டும், விடுங்கள். அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1988-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு, படப் புத்தகத்தை நேராக வாசித்துக்கொண்டே போகாமல், நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கவும், பிள்ளை சொல்வதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது. உங்கள் மகள் யாரும் சொல்லித்தராமலே அதைச் செய்கிறாள். 'யானை ஏன் அழுவுது?' என்று அவள் கேட்டால், 'நீ என்ன நினைக்கிற?' என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வர நேரமாகும். பத்து வரை மனசுக்குள் எண்ணிக்கொண்டு காத்திருங்கள். பெரும்பாலான பெரியவர்கள் மூன்று எண்ணுவதற்குள் தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறோம். கதை பாதியில் நின்று, யானையை விட்டுப் பள்ளிக்கூட வேன் அங்கிள் பேச்சுக்குப் போய்விட்டாலும் பரவாயில்லை. புத்தகம் எங்கும் ஓடிப்போகாது.

இன்னொன்று, நம் தமிழுக்கே உரிய சிக்கல். புத்தகத்தில் 'யானை குளத்திற்குச் சென்றது' என்று இருக்கும். வீட்டில் நாம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே வாசித்தால் பாதி புரியாது, எழுந்து ஓடிவிடும். பிறகு பிள்ளைக்குப் புத்தகத்தில் ஆர்வமில்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். சின்னவனுக்கு, 'ஆனை குளத்துக்குப் போச்சா, தொபுக்குன்னு உள்ள இறங்குச்சா' என்று உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். பெரியவளுக்கு இரண்டும் வேண்டும். ஒருநாள் பேச்சில் சொல்லுங்கள், இன்னொரு நாள் அச்சில் உள்ளபடி வாசியுங்கள். 'சென்றது' என்றால் 'போச்சு' என்று அவளே உங்களுக்குச் சொல்லும் நாள் சீக்கிரம் வரும். பள்ளிப் புத்தகத்தின் தமிழ் அவளை அந்நியமாகப் பார்க்காமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆங்கிலப் புத்தகமா, தமிழா என்ற குழப்பம் உங்களுக்கும் இருந்தால், வீட்டில் எந்த மொழியில் கொஞ்சுகிறீர்களோ அந்த மொழியில் தொடங்குங்கள். ஆங்கிலம் பள்ளியில் வரத்தான் போகிறது.

கிழிப்பதைப் பற்றி. இருபது மாதத்தில் கிழிப்பது குறும்பு இல்லை. விரலுக்கு வேலை, காதுக்குச் சத்தம். கிழிக்கப் பழைய செய்தித்தாள் கொடுங்கள். மெல்லிய தாள் புத்தகங்களைப் பெரியவளுக்கென்று உயரமான தட்டில் வைத்துவிட்டு, அவனுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் இரண்டு போதும். வாங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. வீட்டில் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த அட்டைகளை ஒரே அளவில் வெட்டி, அப்பா, பாட்டி, தெருமுனை நாய், வீட்டுச் சைக்கிள், அவனுடைய பால் டம்ளர் எல்லாவற்றையும் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டு ஒட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு நாடாவால் கட்டுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு படம்தான். இந்த வயதில் இதைப் போல ஓடுகிற புத்தகம் வேறு இல்லை. தன் டம்ளரைப் புத்தகத்தில் பார்த்ததும் ஒரு பிள்ளை அடுக்களைக்கு ஓடிப்போய் அந்த டம்ளரை எடுத்து வந்து படத்தின் மேல் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியவளுக்கு இனி மூவாயிரம் ரூபாய்க்கு வாங்க வேண்டாம். உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் வெளியீடுகள் விலை குறைவு. சென்னையிலேயே இருக்கும் தூலிகா பதிப்பகத்தின் படப் புத்தகங்கள் தமிழிலும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தும் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே இருக்கின்றன. அதைப் பிள்ளையிடம் போனில் காட்டாமல், ஆபீஸ் விட்டு வரும்போது பஸ்ஸில் நீங்கள் படித்து வைத்துக்கொண்டு, ராத்திரி வாயால் சொல்லுங்கள்.

விளையாடப் பொறுமை இல்லை என்று வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. என்னிடம் வரும் தாய்மார்கள் பலர் இதைக் குற்றம் ஒப்புக்கொள்வது போல, குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். ஒரு பொம்மைக்குப் பத்து தடவை சாதம் ஊட்டுவது ஒரு பெரியவருக்குச் சலிக்காமல் இருக்காது. பத்து நிமிடத்தில் சலிக்கிறதா, சரி, பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் போன் வேறு அறையில் இருக்கட்டும். 'இது என்ன கலர், எத்தனை இருக்கு' என்று பரீட்சை வைக்காமல், அவள் சொல்வதைச் செய்யுங்கள். நீங்கள் டீக்கடைக்கு வந்த ஆள் என்றால், டீ கேளுங்கள், சர்க்கரை கம்மி என்று குறை சொல்லுங்கள். பத்து நிமிடம் முடிந்ததும், 'அம்மா இப்போ சமையலைப் பாக்கப் போறேன்' என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்ளுங்கள். சொல்லாமல் நழுவுவதுதான் அவர்களை ஒட்டிக்கொள்ள வைக்கும்.

மீதி நேரத்தில் உங்கள் வேலைக்குள் அவர்களை இழுத்துக்கொள்ளலாம். பட்டாணி உரிப்பது, கொத்தமல்லி ஆய்வது, துணி மடிக்கும்போது ஜோடி காலுறை தேடுவது, சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுத்து உருட்டச் சொல்வது, இதெல்லாம் அவளுக்கு வேலை இல்லை. வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், அதனால் தினமும் வேண்டாம், அவசரமில்லாத நாளில் செய்யுங்கள். அத்தையிடம் பல்லாங்குழி இருந்தால் பெரியவளுக்கு அவரே சொல்லித்தரட்டும். கணக்குக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் சோழியும் புளியங்கொட்டையும் சின்னவன் கைக்கு எட்டவே கூடாது. மூன்று வயதுக்குள் தொண்டையில் சிக்கும் ஆபத்து மிக அதிகம், ஆடி முடித்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். அவள் சொப்பு வைத்துக் கட்டும் வீட்டை அவன் கலைக்கிறான் என்றால் சண்டையைத் தீர்த்துவைக்க மெனக்கெடாதீர்கள். அவளுக்கு அவன் கை எட்டாத ஒரு மேஜை, அவனுக்குத் தரையில் கிண்ணமும் கரண்டியும். இந்த வயதில் அவன் கூட விளையாட மாட்டான், பக்கத்தில் விளையாடுவான். அது போதும்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

மாலில் அழுவது பிள்ளைகளின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். இரண்டு மணி நேரம் சத்தம், வெளிச்சம், கூட்டம், தொடாதே என்று சொல்லப்படும் பொருட்கள். பெரியவர்களுக்கே தலை கனக்கும் இடம். அப்புறம் திடீரென்று 'கிளம்பு' என்றால் அழாமல் என்ன செய்வார்கள்? எங்கே போனாலும் முன்கூட்டிச் சொல்லுங்கள். 'ஐந்து நிமிஷத்துல' என்பது அவளுக்குப் புரியாது. 'இன்னும் மூணு தடவை சறுக்கு, அப்புறம் செருப்பு போடணும்' என்றால் புரியும்.

என் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது வண்டலூருக்குக் கூட்டிப் போனேன். விடியற்காலையில் எழுந்து சாப்பாடு கட்டி, புலி, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று மனசுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டு போயிருந்தேன். உள்ளே நுழைந்த கொஞ்ச தூரத்தில் ஒருவர் ரப்பர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பாதை ஓரத்தில் தண்ணீர் சிறு ஓடையாக ஓடி, ஒரு காய்ந்த இலையை இழுத்துக்கொண்டு போனது. அவள் அங்கேயே குந்திவிட்டாள். 'புலி பார்க்க வேண்டாமா' என்று தூக்கிக்கொண்டு நடந்தேன். அழுதாள். புலி தூங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி அவள் அப்பா, 'என்னம்மா பார்த்த?' என்று கேட்டதற்கு, 'தண்ணி மாமா' என்றாள். அந்த ஓடைக்கு இன்னும் அரை மணி நேரம் கொடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

அதனால் ஒரு நாளைக்கு ஓர் இடம், இரண்டு மணி நேரம், பிள்ளை களைப்பதற்கு முன் வீடு. சென்னை வெயிலுக்குக் காலை பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல் கிளம்ப வேண்டும். ஒரு தண்ணீர் பாட்டில், இருவருக்கும் மாற்றுத்துணி, மிளகாய்ப்பொடி தடவாத இட்லி நாலு. அவ்வளவுதான் தயாரிப்பு.

பெரம்பூரில் இருந்துகொண்டு ரயிலைப் பார்க்காமல் மாலுக்குப் போகிறீர்களே என்பதுதான் எனக்கு ஆதங்கம். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணி போல, பெரம்பூர் ஸ்டேஷனில் சென்ட்ரல் பக்கம் போகும் லோக்கல் ரயிலில் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் குறைவு. ஐந்து வயதுக்குக் கீழ் டிக்கெட் இல்லை, ஆக இரண்டு பேருக்கும் இலவசம். அத்தையையும் அழைத்துப் போங்கள், அவர்தான் அன்றைக்கு முக்கியமான ஆள். முதலில் வியாசர்பாடி ஜீவா, அவர் பிறந்த ஊர். அடுத்து பேசின் பிரிட்ஜ், அங்கே தண்டவாளங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஓடுவதை ஜன்னலில் பார்க்கலாம். அப்புறம் கடைசி நிறுத்தம், மூர் மார்க்கெட் வளாகம். 1985-ல் தீயில் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. சென்னையின் மிருகக்காட்சிசாலையும் 1985-ல் வண்டலூருக்கு மாறுவதற்கு முன்னால் அதை ஒட்டியிருந்த பீப்பிள்ஸ் பார்க்கில்தான் இருந்தது. பழைய மெட்ராஸ்காரர்கள் அதை 'உயிர் காலேஜ்' என்பார்கள், எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். அத்தை சிறுமியாக இருந்தபோது உயிர் காலேஜுக்குப் போயிருப்பார். யார் கூட்டிப் போனார்கள், சிங்கம் எந்தப் பக்கம் இருந்தது, என்ன வாங்கிச் சாப்பிட்டார் என்று உங்கள் மகளை விட்டே கேட்கச் சொல்லுங்கள். ரயிலைப் பார்த்துவிட்டு, பிளாட்பாரத்திலேயே இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பிவிடுங்கள். எங்கும் இறங்கிச் சுற்ற வேண்டாம்.

அது பிடித்துப்போனால் இன்னொரு ஞாயிறு எழும்பூர் மியூசியம். 1851-ல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது அங்கேயேதான் இருக்கும். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, செயற்கை மரத்தடியில் உட்கார்ந்து படிக்கலாம். மழை நாளுக்கும் உச்சி வெயிலுக்கும் அது நல்ல இடம். கிண்டி சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை. வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் ஏப்ரல் வாக்கில், பெசன்ட் நகர் கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகளை மாலையில் கடலில் விடுவார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சு மணலில் துடுப்புப் போட்டுப் போய் அலையில் மறைவதை நாலரை வயதில் பார்த்தவள் மறக்க மாட்டாள். தூரம்தான், ஆனாலும் அதற்காக ஒருநாள் சிரமப்படலாம்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஷிப்ட் வேலை என்றால் வார விடுமுறை எல்லா வாரமும் ஞாயிறாக இருக்காது. அது ஒரு வசதி. அவருடைய விடுமுறை நாளில் பெரியவளும் அவரும் மட்டும், நீங்கள் இல்லாமல், ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்வரட்டும். உங்கள் வீட்டிலிருந்து பக்கம். பழைய பெட்டிகளும் என்ஜின்களும் நிற்கின்றன, பிள்ளைகள் ஏறிச் சுற்ற ஒரு குட்டி ரயிலும் உண்டு. கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கதை சொல்ல வராது என்று அவர் சொன்னாலும், இயந்திரத்தோடு வேலை பார்ப்பவருக்குச் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது, பிரேக் எங்கே பிடிக்கிறது என்று சொல்ல வரும். அவள் திரும்பி வந்து உங்களுக்குச் சொல்வாள். நடுவில் திருத்தாமல் கேளுங்கள்.

அலுவலகத்தில் மற்றவர்கள் காட்டும் சுற்றுலாப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தப் படங்களில் திரும்பி வரும்போது அழுத அழுகை இருக்காது. ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்து, களைப்போடு யானைக் கதையை நாற்பதாவது தடவை படிக்கிறீர்கள். அதைச் செய்துகொண்டே நான் எங்கே தவறு செய்கிறேன் என்றும் கேட்கிறீர்கள். நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை அம்மா.

வரும் வாரத்துக்கு இரண்டு மட்டும் செய்து பாருங்கள். காலைச் சாப்பாட்டில் போன் இல்லை. ஞாயிறு காலை அத்தையோடு ரயில். மற்றதெல்லாம் மெதுவாக. சின்னவன் புதிதாகச் சொல்லும் வார்த்தைகளைக் காலண்டரில் அந்தந்தத் தேதிக்கு நேரே எழுதி வையுங்கள், அத்தையும் கேட்டதைச் சொல்லட்டும். அவனுக்கு இரண்டு வயது நிறைந்ததும் மொத்தம் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணி எனக்கு மறுபடி எழுதுங்கள்.